பிக்கப்பின் பேட்டரியைப் பின்னால் நகர்த்தினேன்

சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தபோது, ஓட்டுநர் பக்கத்து முன்மூலை மறுபக்கத்தைவிட 11 மி.மீ. தாழ்ந்திருந்தது. டயர் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் நிறுத்தி, வண்டியை நாலு தடவை குலுக்கிவிட்டு மறுபடி அளந்தேன். அதே 11.

காரணம் தெரிந்ததுதான். முன்பக்கம் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் மாட்டியதிலிருந்தே மூக்கு கொஞ்சம் இறங்கிவிட்டது. அதோடு என் வண்டியில் பாரமானவை எல்லாம் ஒரே பக்கத்தில் குடியிருக்கின்றன. ஓட்டுகிற ஆள், பெட்ரோல் டேங்க், பானட்டுக்குள் முன் ஆக்சிலுக்கும் சற்று முன்னால் உட்கார்ந்திருக்கும் பேட்டரி, மூன்றும் ஓட்டுநர் பக்கம். ஆளை நகர்த்த முடியாது, டேங்க்கை நகர்த்துவது பெரிய வேலை. மிச்சம் பேட்டரி.

பந்தயக் கார் வைத்திருக்கும் நண்பரிடம் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசுகள் இருந்தன. இரவல் வாங்கிவந்து, டேங்க் பாதி நிறைய, ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு ஈடாக மணல் மூட்டை வைத்து நிறுத்தினேன். முன்னால் ஓட்டுநர் பக்கம் 518 கிலோ, மறுபக்கம் 486. பின்னால் 357, 345. ஆக முன்னால் 1004, பின்னால் 702, மொத்தம் 1706 கிலோ. எடையில் 58.9 சதவீதம் முன்சக்கரங்களின் தலையில். ஓட்டுநர் பக்கம் மறுபக்கத்தைவிட 44 கிலோ கூடுதல்.

காலிப் பிக்கப் முன்பாரமாக இருப்பது இயல்புதான். பின்னால் சரக்கு ஏறும் என்று நினைத்துத்தான் வண்டியை வடிவமைக்கிறார்கள். தினமும் அரை டன் ஏற்றி ஓட்டுகிறவருக்கு இந்த வேலை தேவையே இல்லை. நான் முக்கால்வாசி நாள் காலியாக ஓட்டுகிறவன். காலி வண்டியில் பின்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) விறைப்பாக நின்று, குண்டும் குழியுமான ரோட்டில் பின்சக்கரம் துள்ளும். ஈரத்தில் அழுத்தி பிரேக் பிடித்தால் பின்பக்கம்தான் முதலில் வழுக்கப் பார்க்கும். அந்தப் பின்சக்கரங்களின் மேல் கொஞ்சம் எடை வேண்டும், அதை வெளியிலிருந்து கொண்டுவராமல் வண்டிக்குள் இருப்பதிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பின்னாலுள்ள சரக்குப் பெட்டியில் மணல் மூட்டை போட்டாலும் பின்பாரம் கூடும். ஆனால் முன்பாரம் குறையாது, மொத்த எடையும் ஏறிவிடும்.

எங்கே வைப்பது என்பதற்கு நெம்புகோல் கணக்கு போதும். ஒரு பொருளின் எடையை அது நகரும் தூரத்தால் பெருக்கி, இரண்டு ஆக்சிலுக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால், முன்னிலிருந்து பின்னுக்குப் போகும் பாரம் கிடைக்கும். என் வண்டியில் ஆக்சில் இடைவெளி 3 மீட்டர். பேட்டரி 19 கிலோ, முன் ஆக்சிலுக்கு 20 செ.மீ. முன்னால் இருந்தது. அதைப் பின் ஆக்சிலுக்கு 30 செ.மீ. முன்னால் வைத்தால் 2.9 மீட்டர் நகர்கிறது. அதாவது 18 கிலோவுக்குச் சற்று மேல் முன்னிலிருந்து கழன்று பின்னுக்குப் போகும்.

அப்படியென்றால் இன்னும் பின்னால், வாலோடு ஒட்டி வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தராசில் அது நன்றாகத்தான் தெரியும், ஆனால் வளைவில் வண்டி படுத்தும். வண்டி திரும்பும்போது தன் எடைமையத்தைச் சுற்றிச் சுழல்கிறது. ஒரு கம்பின் இரண்டு முனையிலும் கல்லைக் கட்டிவிட்டுச் சுழற்றிப் பாருங்கள், தொடங்குவதும் கஷ்டம், நிறுத்துவதும் கஷ்டம். அதே கற்களை நடுவுக்குத் தள்ளினால் கை சொன்னபடி கேட்கும். இந்தத் தடை தூரத்தின் வர்க்கமாக ஏறுகிறது. என் வண்டியின் எடைமையம் முன் ஆக்சிலிலிருந்து சுமார் 1.23 மீட்டர் பின்னால். பேட்டரி பழைய இடத்தில் அதிலிருந்து 1.43 மீட்டர் தள்ளி இருந்தது. பின் ஆக்சிலுக்கு முன்னால் வைத்தால் 1.47, ஏறக்குறைய அதே தூரம். ஆக்சிலுக்கு 30 செ.மீ. பின்னால் வைத்தால் 2.07 மீட்டர். வர்க்கமாக்கினால் பேட்டரியின் பங்கு இரட்டிப்பாகிவிடுகிறது. கூடுதலாகக் கிடைப்பதோ நாலு கிலோதான். அதனால் ஆக்சிலுக்கு முன்னால் என்று முடிவு செய்தேன். டேங்க் இல்லாத மறுபக்கத்தில், வண்டியின் அடிச்சட்டமான சேஸி இரும்புக்கு வெளியே, சரக்குப் பெட்டியின் தரைக்குக் கீழே ஓர் இடம் எனக்காகவே விட்டுவைத்ததுபோல் காலியாக இருந்தது.

இது புது யோசனை எதுவும் இல்லை. 1959-இல் வந்த மினி காரிலேயே பேட்டரி டிக்கியில்தான் இருந்தது. 1989-இல் வந்த முதல் மஸ்டா எம்எக்ஸ்-5 காரிலும் அப்படித்தான். பி.எம்.டபிள்யூ. பல கார்களில் பின்னால் வைத்ததோடு, மோதல் நடந்தால், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கேபிளைச் சிறு வெடிமருந்தால் துண்டித்துவிடும் டெர்மினலையும் சேர்த்துக் கொடுக்கிறது. அந்த டெர்மினல் ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தாலே, இந்த வேலையில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று புரியும்: வண்டியின் நீளத்துக்கு ஓடும் ஒரு தடித்த கேபிள்.

பேட்டரி உட்காரும் இடத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. 3 மி.மீ. ஆங்கிள் இரும்பில் தொட்டில் செய்து, அடியில் ரப்பர் பாய், மேலே குறுக்குப் பட்டை, இரண்டு நீள போல்ட். ஒரு கெட்ட மோதலில் 20 மடங்கு புவியீர்ப்பு விசை வந்தால் இந்த 19 கிலோ 380 கிலோ போல் இழுக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வெல்டிங்கையும் போட்டேன். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, சைலன்சர் குழாய் பக்கம் ஒரு தகடு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சேஸி இரும்பின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடாதீர்கள். பாரத்தில் சேஸி வளையும்போது முழு இழுவையும் அழுத்தமும் அந்த விளிம்புகளில்தான் விழுகிறது. அங்கே ஒரு துளை என்றால் அது விரிசலுக்குப் போடும் பிள்ளையார் சுழி. செங்குத்தான நடுப்பகுதியில் ஏற்கெனவே இருந்த இரண்டு துளைகளை வைத்தே என் தொட்டிலை மாட்டினேன்.

பேட்டரியை வண்டிக்குள்ளே, சீட்டுக்குப் பின்னால் வைக்கிறவர்கள் காற்றுக்குழாயை மறக்கக்கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். மூடிய வகை பேட்டரியும் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால் வாயுவை விடும். எனக்கு வெளிக்காற்று இருந்ததால் அந்தக் கவலை இல்லாமல் போயிற்று.

அடுத்தது கேபிள். பழைய கேபிள் 25 சதுர மி.மீ., முக்கால் மீட்டர்கூட இல்லை. புது இடத்திலிருந்து செல்ஃப் மோட்டார் வரை வளைவு நெளிவெல்லாம் சேர்த்து 5.2 மீட்டர் வந்தது. என் பெட்ரோல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது. கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தேன், தொடங்கும் அந்தக் கணத்தில் அதைவிட எக்கச்சக்கம். செம்பின் தடை மீட்டருக்கு, ஒரு சதுர மி.மீ.க்கு 0.0172 ஓம். அதே 25 சதுர மி.மீ. கேபிளில் 5.2 மீட்டர் போனால் 0.72 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 50 சதுர மி.மீ. என்றால் 0.36 வோல்ட். அதனால் மெல்லிய இழைகளால் ஆன 50 சதுர மி.மீ. செம்புக் கேபிளே வாங்கினேன். உறையோடு சேர்த்து 3 கிலோ. எடை ஏறக்கூடாது என்று கிளம்பியவனுக்கு அந்த 3 கிலோ உறுத்தியது உண்மை.

பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 300 ஆம்பியர் போல்ட் ஃப்யூஸ். மெதுவாக உருகும் வகைதான் வேண்டும், இல்லாவிட்டால் செல்ஃப் எடுக்கும் முதல் வேகத்திலேயே போய்விடும். பேட்டரி பானட்டுக்குள் இருந்தபோது இந்தக் கேபிளுக்கு ஃப்யூஸ் கிடையாது. குட்டைக் கேபிள், உரசுவதற்கு இடமில்லை, விட்டுவிட்டார்கள். இப்போது அது சேஸி ஓரமாக இரும்பைத் தொட்டுத் தொட்டு ஓடுகிறது. எங்காவது உறை தேய்ந்து செம்பு சேஸியில் பட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். கேபிள் செக்கச் சிவந்து பக்கத்திலிருக்கும் எதையும் கொளுத்திவிடும். அதனால்தான் முழு நீளத்துக்கும் நெளிகுழாய், 30 செ.மீ.க்கு ஒரு ரப்பர் வைத்த கிளிப், பெட்ரோல் லைனுக்கும் பிரேக் லைனுக்கும் எதிர்ப்பக்கச் சேஸியில் பாதை என்று வைத்துக்கொண்டேன். கேபிள் முனைகளில் மாட்டும் உலோகக் காதுகளான லக்குகளை ஹைட்ராலிக் கருவியால் அழுத்தி, உள்ளே பசை தடவிய சுருங்குகுழாய் போட்டு மூடினேன். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் ஆடுவதால் சேஸியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் கடைசிப் பகுதியில் கொஞ்சம் தொய்வும் விட்டேன். பானட்டுக்குள் பழைய இடத்தில் மூடியோடு ஒரு செம்பு போல்ட் நிறுத்தினேன். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் வயரும் ஃப்யூஸ் பெட்டி வயரும் அதில்தான் சேர்கின்றன. என்றைக்காவது வேறு வண்டியிலிருந்து சார்ஜ் கொடுக்க வேண்டி வந்தாலும் அதிலேயே மாட்டலாம்.

நெகடிவ் பக்கத்துக்குத் தனிக் கேபிள் இழுக்கவில்லை. சேஸி இருக்கிறதே என்றுதான் நினைத்தேன், அது சரியும்கூட. இரும்பு செம்பைவிட எட்டு மடங்கு மோசமாகத்தான் மின்சாரம் கடத்தும். ஆனால் ஒரு பக்கச் சேஸி இரும்பின் குறுக்குவெட்டே ஆயிரம் சதுர மி.மீ.க்கு மேல் இருக்கிறது, அது குறைந்தது 125 சதுர மி.மீ. செம்புக்குச் சமம். பேட்டரி பக்கத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்து, பல்வாஷர் வைத்து அரை மீட்டர் கேபிளால் இறுக்கினேன்.

சாவியைத் திருப்பினேன். எடுத்தது. இரண்டு நாள் நன்றாகவே எடுத்தது. மூன்றாம் நாள் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, இன்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்தி மறுபடி திருப்பினால், செல்ஃப் முக்கி முனகி அரைச் சுற்று சுற்றி நின்றது. ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று எரிந்தது. பத்து நிமிடம் விட்டுத் திருப்பினால் எடுத்தது.

பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், கேபிள் லக்குகளைச் சந்தேகப்பட்டேன், செல்ஃப் மோட்டாரையே கழற்றிப் பார்த்துவிட்டேன். கடைசியில், வாழ்நாள் முழுக்க ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்த்து ஓய்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அண்ணே, பேட்டரி புதுசு. கேபிள் அம்பது ஸ்கொயர். எங்கயும் லூஸ் இல்ல."

"பிளஸ்ஸு பக்கம் எனக்கு வேண்டாம் தம்பி. செல்ஃப் பாடியில இருந்து பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் எப்படித் திரும்பிப் போகுது? விரலால தொட்டுத் தொட்டுக் காட்டு."

செல்ஃப் மோட்டாரின் உடம்பைத் தொட்டேன். அங்கிருந்து இன்ஜின் பிளாக். பிளாக்கிலிருந்து... என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. பிளாக்குக்கும் சேஸிக்கும் நடுவில் இருப்பதெல்லாம் ரப்பர் மவுண்ட். முன்பு பேட்டரியின் நெகடிவ் கேபிள் நேராகப் பிளாக்கில்தான் மாட்டியிருந்தது. அதை நானே கழற்றி ஓரமாக வைத்திருந்தேன். இப்போது 200 ஆம்பியரும் திரும்பிப்போக மிச்சமிருந்த ஒரே வழி, பிளாக்கிலிருந்து சேஸிக்குப் போகும் ஒரு மெல்லிய பின்னல் பட்டை. சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. என்றோ சின்னச் சின்ன மின்சாரத்துக்காக மாட்டியது.

"செல்ஃப் அடி," என்று சொல்லிவிட்டு அவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளாக்கிலும் மறுமுனையைச் சேஸியிலும் வைத்தார். 1.4 வோல்ட். எர்த் பக்கம் முழுவதும் சேர்த்தே 0.2-ஐத் தாண்டக்கூடாது என்பது அவர் கணக்கு. எனக்கோ அந்த ஒரு சாண் பட்டையிலேயே 1.4. இருநூறு ஆம்பியரால் பெருக்கினால் 280 வாட், ஒரு சின்னச் சூட்டுக்கம்பி. பட்டையைத் தொட்டவன் கையை உடனே இழுத்துக்கொண்டேன். கழற்றினால் லக்கின் கழுத்தில் பச்சைக் களிம்பு, அது உட்காரும் இடத்தில் பெயின்ட் அப்படியே இருந்தது. சூடு ஏற ஏறத் தடையும் ஏறியிருக்கிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் மக்கர் செய்ததும் இதனால்தான். ஹெட்லைட்டுக்கு வேறு வழியில் எர்த் இருந்ததால் அது மங்கவே இல்லை. பேட்டரி முனையில் 10.6 வோல்ட் இருக்க, செல்ஃபுக்குப் போய்ச் சேர்ந்தது 8.7 மட்டும்.

அவர் பானட்டுக்குள் குனிந்து ஆக்சிலேட்டர் கேபிளைக் காட்டியபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதன் பிளாஸ்டிக் உறை ஓரிடத்தில் இளகி, உள்ளிருந்த எஃகுச் சுருள் தெரிந்தது. பட்டை வழி போதாத மின்சாரம், பிளாக்கிலிருந்து ஆக்சிலேட்டர் கேபிளின் எஃகு வழியாக வண்டி உடலுக்குப் போகப் பார்த்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஓடும்போது ஆக்சிலேட்டர் சிக்கியிருக்கும். அந்தக் கேபிளை அன்றே மாற்றினேன்.

பிளாக்கிலிருந்து சேஸிக்கு 50 சதுர மி.மீ. கேபிள் 40 செ.மீ. போட்டேன், போகிற கேபிள் எவ்வளவு தடிமனோ திரும்புகிற வழியும் அவ்வளவு. வண்டியின் உடலும் சேஸியின் மேல் ரப்பரில்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய பேட்டரி நெகடிவிலிருந்து அதற்குப் போன சிறு வயரும் என் வேலையில் காணாமல் போயிருந்தது. அதற்கும் 16 சதுர மி.மீ. பட்டை ஒன்று. எல்லா இடத்திலும் மின்னும் இரும்பு, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். மறுபடி அளந்தோம். பேட்டரியிலிருந்து சேஸிக்கு 0.04, சேஸி நீளத்துக்கு 0.05, சேஸியிலிருந்து பிளாக்குக்கு 0.04, ஆக 0.13 வோல்ட். செல்ஃபுக்கு இப்போது 10 வோல்ட் போகிறது. சாவியைத் தொட்டால் போதும், எடுத்துவிடுகிறது.

பேட்டரியை நகர்த்த நினைக்கிற யாருக்கும் முதலில் இதைத்தான் கேட்பேன்: ஸ்பானரை எடுக்குமுன் செல்ஃபிலிருந்து பேட்டரி மைனஸ் வரை விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? நெகடிவ் டெர்மினலில் மின்சாரத்தை அளக்கும் சென்சார் வைத்த புது வண்டி என்றால் அந்தச் சென்சாரும் பேட்டரியோடு போக வேண்டும், எல்லா எர்த்தும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

எல்லாம் முடிந்து மறுபடி தராசில் ஏற்றினேன். முன்னால் 503, 483. பின்னால் 361, 365. முன்பக்கம் 18 கிலோ குறைந்து 986, பின்பக்கம் 24 கிலோ கூடி 726. தொட்டிலும் கேபிளும் சேர்ந்து மொத்த எடை 6 கிலோ ஏறி 1712. முன்பாரம் 58.9-லிருந்து 57.6 சதவீதம். எண்ணாகப் பார்த்தால் சின்னது, இவ்வளவு வேலைக்கு இவ்வளவுதானா என்று யாராவது கேட்டால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இடவலம் 44 கிலோவாக இருந்த வித்தியாசம் 16-ஆகக் குறைந்திருக்கிறது. டேப் வைத்தால் முன்மூலைகளின் வித்தியாசம் 11-லிருந்து 7 மி.மீ. அது எனக்குப் பெரிய நிறைவு.

ஓட்டும்போது வளைவில் பெரிய மாற்றம் தெரிகிறதா என்றால், இல்லை. நான் உணர்வது இரண்டு இடங்களில். பழகிய ஒரு மேடுபள்ள ரோட்டில் பின்பக்கம் துள்ளிவிட்டு உட்காரும் நேரம் குறைந்திருக்கிறது. நேர்ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தால் முன்பு மெல்ல ஓட்டுநர் பக்கம் இழுத்துக்கொண்டு போகும், அது இப்போது இல்லை. இதில் எவ்வளவு எடையால், எவ்வளவு அதன் பிறகு பார்த்த வீல் அலைன்மென்ட்டால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்று உண்டு. பானட்டுச் சூட்டிலிருந்து பேட்டரி தப்பித்துவிட்டது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு தொட்டுப் பார்த்தேன், வெளிக்காற்றைவிடச் சற்றுத்தான் சூடு. முன்பெல்லாம் அதன் மேல் கை வைக்க முடியாது.

வேறு வழியும் இருந்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்கினால் எடை மூன்றில் ஒரு பங்கு, எதையும் நகர்த்தாமலேயே முன்பக்கம் சுமார் பதின்மூன்று கிலோ குறையும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் செல்கள் கெடும், பானட்டுச் சூடும் அதற்கு ஆகாது. அதோடு, என் பின்சக்கரங்களுக்கு அதனால் ஒரு கிலோகூடக் கிடைத்திருக்காது.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு தொட்டில் போல்ட்டுகளை மறுபடி முறுக்கினேன், ஒன்று மட்டும் கால் சுற்று ஏறியது. நெளிகுழாயை முழு நீளத்துக்கும் விளக்கடித்துப் பார்த்தேன், உரசிய தடம் இல்லை. இன்னொரு வேலை பாக்கி இருந்தது. நாளை எனக்கு ஏதாவது ஆகி, முன்பின் தெரியாத ஒருவர் என் பானட்டைத் திறந்தால், பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு போல்ட்டுதான் இருக்கும். அதனால் பானட்டின் உள்பக்கம் தகடு அடித்து, அழியாத பெயின்ட்டில் எழுதிவைத்தேன்: "பேட்டரி பின்னால், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம், பெட்டிக்குக் கீழே. நெகடிவை முதலில் கழற்றவும். இந்த போல்ட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும்."